குழியும் சோழியும்

ஊரை விட்டுப் பிழைப்புத் தேடிப் புறப்படும் குடும்பம் தன் மூட்டையில் எதை எடுத்து வைக்கும், எதை விட்டு வரும் என்பதைப் பிறர் எளிதில் கூறிவிட இயலாது. எங்களுள் ஒருவருக்குத் தாயாரும் மற்றவருக்கு மாமியாரும் ஆன அம்மையார் 1964-ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்தபோது, இரண்டு வெண்கலப் பானைகளையும் ஓர் அரிவாள்மணையையும் ஒரு பல்லாங்குழிப் பலகையையும் கொண்டுவந்தார். பானைகள் ஒரு மழைக்காலத்துப் பணமுடையில் விலையாகிப் போயின. அரிவாள்மணை தேய்ந்து மறைந்தது. பலகை மட்டும் தாராவியில் ஒற்றை அறை ஒன்றில் முப்பது ஆண்டுகள் இருந்து, பின்பு எங்களோடு செம்பூருக்குக் குடிவந்து, அலமாரியின் மேல் தூசி படிந்து கிடந்தது. அது ஒருநாள் கணிப்பொறிப் பாடம் சொல்லித்தர உதவும் என்று அம்மையார் கனவிலும் கருதியிருக்க மாட்டார்.

அது உதவிய வரலாற்றையும், அது உதவிய பின்னும் நாங்கள் தவறிய வரலாற்றையும் நம் குடும்பங்கட்குப் பயன்படும் என்று எண்ணியே இங்கு எழுதுகிறோம்.

எங்களுள் ஒருவர் முப்பத்தாறு ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். மற்றவர் பள்ளியில் கணிதம் கற்பித்தவர். இப்போது வாரத்தில் மூன்று நாள் மாலையில் செம்பூரில் வண்டியேறி, குர்லாவில் மாறி, சயானில் இறங்கித் தாராவிக்குச் சென்று, அங்கே ஒரு மாடியறையில் பிள்ளைகட்குப் பாடம் சொல்லி வருகிறோம். ஒரு காலத்தில் நம்மவர் தட்டச்சும் சுருக்கெழுத்தும் பயின்று இந்நகரத்து அலுவலகங்களின் படியேறினர். இன்றைய பிள்ளைகள் கேட்பது நிரல் எழுதும் கலை. நாங்கள் அதனை முதுமையில் கற்றவர்கள். பிள்ளைகட்கு ஒரு பாடம் முன்னதாகப் படித்துக்கொண்டு செல்பவர்கள். பதினான்கு பிள்ளைகள், மூன்று பழைய மடிக்கணினிகள். இதுவே எங்கள் பள்ளி.

முதற் சில வாரங்கள் இடரின்றிச் சென்றன. ஒரு பெயர் சூட்டி, அப்பெயரில் ஒரு மதிப்பை எழுதி வைத்தல் அவர்கட்கு எளிதாக விளங்கியது. ஒருநாள், முப்பத்திரண்டு பேரின் மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி காணுமாறு சொன்னோம். சிறுவன் ஒருவன் மதிப்பெண்1, மதிப்பெண்2, மதிப்பெண்3 என்று தனித்தனியே பெயரிட்டு ஒன்பது வரை வந்து, கை ஓய்ந்து, “ஐயா, முப்பத்திரண்டுக்கும் இப்படியே எழுத வேண்டுமா? நாளைக்கு நூறு பேர் வந்தால் என்ன செய்வது?” என்று கேட்டான்.

நல்ல கேள்வி! பண்டங்கள் பலவானபோது ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சூட்டிக்கொண்டிருக்க இயலாது என்னும் அலுப்பிலிருந்தே அணி என்னும் அமைப்பு பிறந்தது எனலாம். ஆங்கிலத்தில் அரே என வழங்குவதைத் தமிழ்ப் பாடநூல்கள் அணி என்கின்றன. பெண்கள் பூணுவதும் அணி. செய்யுளுக்கு அழகு செய்வதும் அணி. வீரர் நிரையாக நிற்பதும் அணி. இங்கே நமக்கு வேண்டியது நிரையாக நிற்றல் என்னும் பொருளே. ஒரே வகையான மதிப்புகள் பலவற்றை ஒரே பெயரின் கீழ் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் அது நிற்கும் இடத்தின் எண்ணால் அழைப்பதே அணி. அவ்விட எண்ணைச் சுட்டெண் என்பர்.

இவ்வளவையும் கரும்பலகையில் எழுதினோம். பிள்ளைகள் தலையசைத்தனர், ஆனால் அவர்கள் கண்களில் தெளிவு இல்லை. அன்றிரவு வீடு திரும்பியதும் அலமாரியின் மேலிருந்த பலகையை இறக்கித் துடைத்தோம்.

பல்லாங்குழியில் ஓர் ஆளுக்கு ஏழாக இரு பக்கமும் பதினான்கு குழிகள். மறுவகுப்பில் ஒவ்வொரு குழியின் அருகேயும் சுண்ணாம்புக்கட்டியால் 0 முதல் 13 வரை எண் இட்டோம். குழிகளில் சிலவற்றில் ஐந்து, சிலவற்றில் இரண்டு எனச் சோழிகளை இட்டோம். “நான்கு என்று எழுதிய குழியில் என்ன இருக்கிறது?” என்று கேட்டோம். “நான்கு” என்றனர் சிலர். ஒரு சிறுமி எட்டிப் பார்த்து, “இல்லை, இரண்டு சோழி இருக்கிறது” என்றாள். முதலில் நிரல் எழுதக் கற்பவர் எல்லாரும் தடுக்கும் இடம் இதுவே. குழியின் எண் வேறு, குழிக்குள் இருக்கும் சோழியின் எண்ணிக்கை வேறு. குழியின் எண் மாறாது; ஆட்டம் நடக்க நடக்கச் சோழியே மாறிக்கொண்டிருக்கும். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் பசு என்று சொல்லி எடுத்துக்கொள்வது பல வீடுகளின் வழக்கம் அன்றோ? நான்காம் எண் குழியில்தான் பசு விழும் என்று எந்தக் குழந்தையும் எண்ணுவதில்லை. பலகையைப் பார்த்த பின் பிள்ளைகள் அந்தப் பிழையைச் செய்யவில்லை.

பைத்தான் என்னும் மொழியில் தமிழ்ச் சொற்களையே பெயராக வைத்து நிரல் எழுதலாம். மதிப்பெண் = [72, 85, 64, 54] என்று எழுதினால் நான்கு குழிகளும் அவற்றில் நான்கு மதிப்புகளும் அமைந்துவிடும். மதிப்பெண்[0] என்றால் 72. மதிப்பெண்[3] என்றால் 54. அம்மொழியினர் இதனை அணி என்னாமல் பட்டியல் என்பர். சுட்டெண்ணை ஒவ்வொன்றாக உயர்த்திச் செல்லும் இரண்டு வரி நிரல் முப்பத்திரண்டையும் கூட்டிவிடும்; மூவாயிரமாயினும் அதே இரண்டு வரிதான்.

“முதல் குழிக்கு ஏன் சுழியம்? ஒன்று என்று தொடங்கினால் ஆகாதா?” என்பது அடுத்து எழுந்த கேள்வி. எங்கள் மாணவியருள் மூத்தவள் ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டில் நள்ளிரவு கடந்ததும் மாவு கலக்கி இட்லி வார்ப்பர். விடியுமுன் தந்தை மிதிவண்டியில் கூடையை ஏற்றிக்கொண்டு நகருக்குள் புறப்படுவார். அவளே விடை கண்டுபிடிக்கட்டும் என்று கருதி, “தாதரில் வண்டியேறினால் மாட்டுங்கா எத்தனையாவது நிறுத்தம்?” என்று கேட்டோம். “ஒன்று” என்றாள். “சயான்?” “இரண்டு.” “குர்லா?” “மூன்று.” “அப்படியானால் தாதர்?” சற்றே நின்று, சிரித்து, “சுழியம். அங்கேதான் ஏற்கெனவே நிற்கிறோமே!” என்றாள்.

சுட்டெண் என்பது எத்தனையாவது என்று எண்ணுவதன்று. தொடக்கத்திலிருந்து எவ்வளவு தொலைவு என்று அளப்பது. சி போன்ற மொழிகளில் கணிப்பொறி உண்மையில் இதையே செய்கிறது. அணியின் தொடக்கம் நினைவகத்தில் 1000 என்னும் முகவரியில் இருக்கிறது என்றும், ஒவ்வொரு மதிப்புக்கும் நான்கு இடம் வேண்டும் என்றும் கொள்வோம். சுட்டெண் 3 என்றால் மூன்றை நான்கால் பெருக்கித் தொடக்கத்தோடு கூட்டி, 1012 என்னும் இடத்துக்கு நேராகச் சென்றுவிடும். வழியில் உள்ள எதையும் தட்டிப் பார்ப்பதில்லை. ஆதலின் பத்தாவதை எடுப்பதும் பத்தாயிரமாவதை எடுப்பதும் ஒரே உழைப்புத்தான். 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழி ஒன்றிலிருந்தே எண்ணியது. நெதர்லாந்து நாட்டு அறிஞர் டெய்க்ஸ்ட்ரா, எண்ணிடுதல் சுழியத்தில் ஏன் தொடங்க வேண்டும் என்பதற்கு 1982-இல் ஒரு குறிப்பே எழுதினார். தாதர் நிலையத்தில் நிற்கும் நம் பிள்ளைக்கு இரண்டும் விளங்கும்.

இனி, இல்லாத குழிக்குச் சென்றால் என்ன ஆகும்? முப்பத்திரண்டு மதிப்புகட்குச் சுட்டெண் 0 முதல் 31 வரையே. 32 என்று கேட்டால் பைத்தான் எல்லைக்கு வெளியே கேட்கிறாய் என்று சொல்லி நின்றுவிடும். சி மொழியோ தடுப்பதில்லை. அங்கே அணியின் நீளம் முன்னரே வரையறுக்கப்பட்டது. நான்கு குழி உள்ள இட்லித் தட்டில் ஐந்தாவது கரண்டி மாவை ஊற்றினால் அது வழிந்து வேறெதன் மேலாவது விழும் அல்லவா? அதுபோல, எல்லை கடந்து எழுதிய மதிப்பு அடுத்திருக்கும் வேறொன்றை அழித்துவிடக் கூடும். இட்லி வார்க்கும் வீட்டுப் பெண்ணுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

“பொறிக்குள்ளே உண்மையாகவே குழிகள் இருக்கின்றனவா?” என்று சிறுவர்கள் கேட்டனர். அதற்கு விடை சொல்ல நாங்கள் தொலைவுக்குச் செல்ல வேண்டியிருக்கவில்லை. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் இதே பம்பாயில் ஒரு கணிப்பொறியைத் தாமே அமைத்து 1960-இல் இயக்கினர். 1962-இல் பிரதமர் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். அப்பணியை முன்னின்று நடத்தியவர் சென்னையில் பிறந்து, கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்று, 1954-இல் அந்நிலையத்தில் சேர்ந்த ஆர். நரசிம்மன் அவர்கள். அப்பொறியின் நினைவகம் 2048 சொற்களைத் தாங்கியது; ஒரு சொல்லுக்கு 40 இலக்கங்கள்; ஒவ்வோர் இலக்கமும் சுழியமோ ஒன்றோ ஆகும். பெருக்கிப் பார்த்தால் 81,920 இலக்கங்கள். ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு சிறு காந்த வளையம். இவ்வகை நினைவகத்தில் வளையங்கள் நெடுக்கும் குறுக்கும் ஓடும் கம்பிகளில் கோக்கப்பட்டிருக்கும். ஒரு நெடுக்குக் கம்பியிலும் ஒரு குறுக்குக் கம்பியிலும் பாதிப் பாதியாக மின்சாரம் செலுத்தினால், இரண்டும் சந்திக்கும் வளையம் ஒன்று மட்டுமே புரளும். நிரை எண், நிரல் எண் என்னும் இரண்டு எண்களால் ஓர் இடத்தைச் சுட்டும் இரட்டை அணி இதுவே. இன்றைய நினைவகத் துண்டுகளில் வளையங்கள் இல்லை. கண்ணுக்குப் புலப்படாத மின்னூட்டங்களே உள்ளன. ஆயினும் நெடுக்கும் குறுக்குமான அந்த அமைப்பு மாறவில்லை.

இவ்வளவும் கற்பித்தபின் எங்களுக்குச் சற்றுச் செருக்கு உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்? அச்செருக்கே எங்களை வீழ்த்தியது.

தாராவியில் நாங்கள் பணிசெய்யும் சிறு குழு ஒன்று, ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பள்ளி திறப்பதற்கு முன் பத்துப் பிள்ளைகட்குக் கட்டணமும் குறிப்பேடுகளும் வழங்கும். விண்ணப்பித்தவர்க்கு நாங்களே ஒரு தேர்வு வைப்போம். சென்ற ஆண்டு முப்பத்திரண்டு பேர் விண்ணப்பித்தனர். முன்பெல்லாம் தாளில் எழுதித் தேர்ந்தெடுப்போம். அவ்வாண்டோ, பிள்ளைகள் கற்றதைப் பயன்படுத்தட்டும் என்று கருதி, மூத்தவளான அம்மாணவியை நிரல் எழுதச் சொன்னோம்.

பெயர்கட்கு ஓர் அணி, மதிப்பெண்கட்கு ஓர் அணி எனப் பிரித்து வைக்கும்படி கூறினோம். விண்ணப்பம் வந்த வரிசையில் இரண்டும் அமைந்தன. பெயர் அணியில் 3 என்னும் இடத்தில் உள்ள பிள்ளையின் மதிப்பெண், மதிப்பெண் அணியிலும் 3 என்னும் இடத்தில் இருக்கும். இடம் ஒத்திருத்தல் ஒன்றே இரண்டையும் பிணைக்கும் கயிறு. பின்பு, “மதிப்பெண்களை மிகுதியிலிருந்து குறைவாக வரிசைப்படுத்து, முதல் பத்துப் பேரை அச்சிடு” என்றோம்.

அவள் விசைப்பலகையில் கை வைத்தவள் நிறுத்தி, “அம்மா, மதிப்பெண் இடம் மாறினால் பெயரும் கூடவே மாறுமா?” என்று கேட்டாள்.

எங்களுள் ஒருவர் எதையோ எழுதிக்கொண்டிருந்தோம். மற்றவர் ஒரு சிறுவனின் கணக்கைத் திருத்திக்கொண்டிருந்தோம். “அதையெல்லாம் பொறி பார்த்துக்கொள்ளும் அம்மா, நீ எழுது” என்று இருவரும் ஏறக்குறைய ஒரே குரலில் சொன்னோம். ஆசிரியர் சொல்லை மறுக்காத பெண் அவள். எழுதினாள்.

பொறி எதையும் பார்த்துக்கொள்ளவில்லை. வரிசைப்படுத்து என்று எந்த அணியைச் சொன்னோமோ அந்த அணியை மட்டும் வரிசைப்படுத்தியது. 91 முதலாக மதிப்பெண்கள் அழகாக இறங்கி நின்றன. பெயர்களோ விண்ணப்பம் வந்த வரிசையிலேயே அசையாமல் நின்றன. ஆகவே முதல் பத்து மதிப்பெண்களும் முதலில் விண்ணப்பித்த பத்துப் பேருக்குப் போய்ச் சேர்ந்தன. அச்சிட்ட தாளின் அழகில் மயங்கி, அதனைச் சனிக்கிழமை மாலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். முப்பத்தாறு ஆண்டுகள் சீட்டோடு ஒத்துப் பாராமல் ஒரு பதிவையும் கடந்து செல்லாத கை, அன்று ஒரு விடைத்தாளையும் எடுத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கு எங்கள் செம்பூர் வீட்டின் கதவு தட்டப்பட்டது. திறந்தால் அம்மாணவி நின்றாள். கைகளில் மாவின் ஈரம் காய்ந்திருந்தது. இரவு முழுவதும் உறங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“ஐயா, என் தம்பிக்கு எண்பத்தெட்டு வராது” என்றாள்.

அவளுடைய தம்பி நான்காவதாக விண்ணப்பித்தவன். பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே 88 என்று இருந்தது. இரண்டு கேள்விகளை விட்டுவிட்டதாக அவன் தேர்வு நாளன்றே அக்காளிடம் சொல்லியிருக்கிறான். வீடு முழுவதும் மகிழ்ந்து, தாய் அண்டை வீட்டாருக்கெல்லாம் இனிப்பு வழங்கிய அவ்விரவில், இவள் மட்டும் உட்கார்ந்து நிரலை வரிவரியாகப் படித்திருக்கிறாள். நாங்கள் விடைத்தாள் கட்டை எடுத்தோம். தம்பியின் தாளில் 54 இருந்தது. அடுத்து ஒவ்வொன்றாக எடுத்தோம். அறிவித்த பதின்மருள் உரியவர் மூவரே. எழுவர் பெயர் தவறு.

எங்களால் சிறிது நேரம் பேச இயலவில்லை. பின்பு, “உன் தம்பி பெயரும் போய்விடுமே அம்மா” என்றோம்.

“போகட்டும் ஐயா. அந்தச் சோழி அவன் குழியில் விழுந்தது இல்லை. யாருடையதையோ எடுத்து இங்கே வைத்திருக்கிறது” என்றாள்.

அன்று பகல் முழுவதும் தாராவியின் சந்துகளில் நடந்தோம். அவள் வீட்டை நீக்கி, இல்லை என்று சொல்ல வேண்டிய வீடுகள் ஆறு. தோற்பட்டறையில் வேலை செய்யும் ஒரு தந்தை நாங்கள் சொல்வதை நின்று கேட்டுவிட்டு, “கம்ப்யூட்டர் தப்பு பண்ணிவிட்டதா ஐயா?” என்று கேட்டார். ஆம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது எவ்வளவு எளிது! அவரும் மனமார ஏற்றுக்கொண்டிருப்பார். “இல்லை ஐயா. அது நாங்கள் சொன்னதைச் செய்தது. தவறு எங்களுடையது” என்றோம். அவர் பேசவில்லை. உள்ளே குழந்தை கேட்டுக்கொண்டிருந்தது. அந்த நிமிடம் இன்னும் எங்கள் நெஞ்சை விட்டு அகலவில்லை.

உண்டு என்று சொல்ல வேண்டிய வீடுகள் ஏழு. அவற்றுள் கடைசி வீட்டுக்கு மாலை விளக்கேற்றும் நேரத்தில் சென்றோம். 91 பெற்ற சிறுமியின் வீடு அது. அவள் விண்ணப்பம் முப்பத்திரண்டாவதாக, இறுதி நாள் இருட்டிய பின் வந்தது. தாய் மாட்டுங்காவில் நான்கு வீடுகளில் வேலை முடித்துவிட்டு அதனைக் கொண்டுவந்திருந்தார். நாங்கள் செய்தியைச் சொன்னதும் அவ்வம்மையார் நம்பவில்லை. அறிவிப்புப் பலகையைப் பார்க்கவே அவர்கள் வந்திருக்கவில்லை. ஏன் என்று கேட்டோம். “கடைசியாகக் கொடுத்தோம் அம்மா. கடைசியாகக் கொடுத்தவர்க்கு எங்கே கிடைக்கப்போகிறது என்று இருந்துவிட்டோம்” என்றார்.

அச்சொல் எங்களைச் சுட்டது. எங்கள் பிழை எந்த முறையில் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்று அப்போதுதான் உணர்ந்தோம். முதலில் வந்தவர்க்கு உண்டு, பின்னால் வந்தவர்க்கு இல்லை! முன்னரே செய்தி அறிந்தவர், பகலில் ஓய்வு உள்ளவர், அருகில் குடியிருப்பவர், இவர்களே முதலில் வருபவர். வந்தேறிகளாய் இந்நகரத்துக்கு வந்த நம் முன்னோர் எந்த நீதியின் கீழ் வரிசையின் கடைசியில் நின்றார்களோ, அதே நீதியை நாங்கள் அறியாமலே அச்சிட்டு ஒட்டியிருக்கிறோம். பட்டியலுக்கு எதிரே மதிப்பெண்கள் இருந்தமையால் அது தகுதியின் பட்டியலாகவே எல்லார் கண்ணுக்கும் தோன்றியது. அவ்வம்மையாரும் எதிர்த்துக் கேட்டிருக்க மாட்டார்.

திருத்தம் எளியது. ஒரு பிள்ளையின் பெயரையும் மதிப்பெண்ணையும் வெவ்வேறு அணிகளில் பிரித்து வைக்காமல், இரண்டையும் ஒன்றாகக் கட்டி ஒரே குழியில் வைத்தல் வேண்டும். அத்தகைய முப்பத்திரண்டு கட்டுகளின் அணியை மதிப்பெண் நோக்கி வரிசைப்படுத்தினால், ஒவ்வொரு மதிப்பெண்ணும் தன் பெயரையும் உடன் அழைத்துக்கொண்டே இடம் பெயரும். அம்மாணவி நான்கே வரிகளை மாற்றினாள். இம்முறை பத்து விடைத்தாள்களையும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தோம்.

தவறாகச் சொல்லப்பட்ட எழுவருக்கும் கட்டணம் தரக் குழுவின் நிதி இடம் கொடுக்கவில்லை. குறிப்பேடுகளை மட்டும் எங்கள் ஓய்வூதியத்தில் வாங்கிக் கொடுத்தோம். அது ஈடு ஆகாது என்பதை அறிவோம். தம்பிக்கு வேண்டாம் என்று அம்மாணவி மறுத்தாள். ஆறு பிள்ளைகட்கும் கொடுத்துவிட்டு உண்மை உரைத்தவள் வீட்டுக்கு மட்டும் கொடாதிருப்பது முறையோ என்று கேட்ட பின்னரே வாங்கிக்கொண்டாள்.

இதிலிருந்து நாங்கள் கற்றது ஒன்று உண்டு. அணி என்பது இடத்தை மட்டும் அறியும்; ஆளை அறியாது. 3 என்னும் குழியில் யார் இருக்கிறார், அவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இடத்துக்கும் ஆளுக்கும் உள்ள பிணைப்பை நிரல் எழுதுபவரே காக்க வேண்டும். பங்கீட்டு அட்டையிலும், ஊதியப் பட்டியலிலும், பள்ளிச் சேர்க்கையிலும் நம் குடும்பங்கள் இன்று ஏதோ ஓர் அணியின் ஏதோ ஒரு குழியில் எண்ணாக நிற்கின்றன. அவ்வணிகளை எழுதும் இடத்துக்கு நம் பிள்ளைகளும் நாளை செல்வர். அன்று அவர்கள் கையில் இருப்பது வெறும் எண்ணன்று, ஒரு வீட்டின் விளக்கு என்பதை அவர்கள் மறவாதிருத்தல் வேண்டும்.

வீட்டில் நிரல் கற்கத் தொடங்கும் பிள்ளை இருக்குமாயின், பெற்றோர் கணிப்பொறி அறியாதவராயினும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். குழி எண் எது, சோழி எது என்று கேளுங்கள். கடைசிக் குழி எது, அதற்கு அப்பால் போனால் என்ன ஆகும் என்று கேளுங்கள். ஒன்றை இடம் மாற்றினால் அதனோடு செல்ல வேண்டியது எது என்று கேளுங்கள். மூன்றுக்கும் பல்லாங்குழிப் பலகையைக் கொண்டே விடை சொல்லலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, பிள்ளை ஒரு கேள்வி கேட்டால், அதையெல்லாம் பொறி பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அம்மையாரின் பலகையை நாங்கள் மீண்டும் அலமாரியின் மேல் வைக்கவில்லை. அது இப்போது தாராவி மாடியறையில் இருக்கிறது. அம்மாணவி கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். ஆயினும் சனிக்கிழமைகளில் வந்து புதிய பிள்ளைகட்கு முதற்பாடம் நடத்துகிறாள். சென்ற வாரம் அவள் குழிகளுக்குச் சுண்ணாம்பால் எண் இட்டுக்கொண்டிருந்தபோது, 91 பெற்ற அச்சிறுமி எல்லாரினும் முன்னே வந்து சுழியம் என்று எழுதிய குழியின் அருகே அமர்ந்திருந்தாள். அவள் தாயார் வேலைக்குப் போகும் வழியில் விட்டுச் சென்றாராம்.